மூன்று கட்டடங்களும் மாற்றுப் பாதையும்: கம்பிவழி மெஷ், கம்பியில்லா மெஷ் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பயிற்சி நிலையத்தின் கணினி வலையமைப்பு முதலில் முழுக்க முழுக்கக் கம்பியில்லா மெஷ் முறையில் அமைக்கப்பட்டது. மெஷ் என்பது கணுக்கள் எனப்படும் இணைப்புக் கருவிகள் ஒன்றோடொன்று பல வழிகளில் இணைந்து, தகவலைக் கைமாற்றி அனுப்பும் வலை. அது தடுமாறத் தொடங்கிய பின் காரணத்தைக் கண்டறிந்து மாற்றியமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏறத்தாழ 16 மாதங்கள் நீடித்த அந்தப் பணியில் அளந்தவற்றையும், பிழையாகக் கணித்தவற்றையும், திருத்தியவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். கம்பி, காற்று இரண்டில் எது வேகமானது என்ற கேள்விக்கு விடை முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. ஓர் இணைப்பு போனால் இன்னொன்று நிற்கும் என்று வரைபடம் சொல்வது உண்மையிலேயே நடக்குமா என்ற கேள்விக்குத்தான் மீதி மாதங்கள் தேவைப்பட்டன.

வளாகமும் தேவையும்

வளாகத்தில் மூன்று கட்டடங்கள் உள்ளன. முதன்மைக் கட்டடம் மூன்று தளங்கள் கொண்ட கான்கிரீட் கட்டடம். சர்வர் அறையும் வெளி இணைய இணைப்பும் அதன் தரைத்தளத்தில் இருக்கின்றன. 90 கணினிகள் அந்தக் கட்டடத்திலேயே இயங்குகின்றன. இரண்டாவது, இரண்டடித் தடிமனுள்ள சுவர்களைக் கொண்ட பழைய கட்டடம். 25 கணினிகள் உள்ள அதன் சுவர்களில் புதிதாகத் துளையிட அனுமதி கிடையாது. மூன்றாவது, முற்றத்துக்கு அப்பால் தகரக் கூரையின் கீழ் இருக்கும் பணிமனை. கேபிள் செல்லக்கூடிய வழியில் அளந்தால் அது சர்வர் அறையிலிருந்து 140 மீட்டர் தொலைவில் இருக்கிறது. முறுக்கிய செம்புக் கம்பி ஈதர்நெட்டுக்கு விதிக்கப்பட்ட 100 மீட்டர் எல்லையை அது தாண்டுகிறது. அங்கே வெப்பநிலை உணரிகளும், ஆட்கள் கையில் எடுத்துச் செல்லும் கருவிகளும் மட்டுமே பயன்படுகின்றன.

துளையிட முடியாத சுவரும் எல்லை தாண்டிய தொலைவும் சேர்ந்தபோது, மெஷ் கணுக்களை ஆங்காங்கே மாட்டிவிட்டால் போதும் என்ற முடிவு இயல்பாகவே வந்திருக்க வேண்டும். முதன்மைக் கட்டடத்தில் 7, பழைய கட்டடத்தில் 4, பணிமனையில் 3 என 14 கணுக்கள் நிறுவப்பட்டன. சர்வர் அறையில் இருந்த ஒன்று மட்டும் கேபிளில் இணைந்திருந்தது. மற்ற 13 கணுக்களும் காற்றின் வழியாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்த வேர்க் கணுவை அடைந்தன. இரண்டே நாளில் வேலை முடிந்தது. கம்பியில்லா மெஷ்ஷின் இந்த வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கேபிள் போட்டிருந்தால் குழாய் பதிக்கவே வாரக்கணக்கில் ஆகியிருக்கும்.

காற்றில் நடந்தது

புகார் எப்போதும் ஒரே வடிவத்தில் வந்தது: காலை எட்டு மணிக்கு நன்றாக இருக்கிறது, வகுப்பு தொடங்கிய பின் பழைய கட்டடத்தில் காணொளி நின்று நின்று ஓடுகிறது. ஆள் இல்லாத ஒரு விடுமுறை நாளில் ஒவ்வொரு கணுவின் அருகிலும் மடிக்கணினியுடன் அமர்ந்து அளந்தேன். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் செல்வது ஒரு தாவல். வேர்க் கணுவிலிருந்து முதல் தாவலில் இருந்த கணுவில் நொடிக்கு 240 மெகாபிட் கிடைத்தது. இரண்டாம் தாவலில் 118, மூன்றாம் தாவலில் 76, நான்காவதில் 45. கருவிகள் எதுவும் பழுதாகவில்லை. எல்லாக் கணுக்களும் மெஷ்ஷுக்கு ஒரே ரேடியோவை, ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், பயன்படுத்தும்போது இந்தச் சரிவு எதிர்பார்க்க வேண்டியதே.

காரணத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஒரு வைஃபை கணு ஏறத்தாழ 100 மில்லிவாட் ஆற்றலில் பேசுகிறது. எதிர்முனையிலிருந்து அதற்கு வந்து சேரும் நல்ல குறிப்பலைகூட அதைவிட 100 கோடி மடங்கு மெலிந்திருக்கலாம். தான் பேசும்போது அதே அலைவரிசையில் பிறர் பேசுவதை அதனால் கேட்க முடியாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்று பேசும், மற்றவை காத்திருக்கும். மூன்றாம் தாவலுக்குச் செல்லும் ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் துண்டு, வேரிலிருந்து முதல் கணுவுக்கும், அங்கிருந்து இரண்டாவதுக்கும், பின் மூன்றாவதுக்கும் என மூன்று முறை அதே காற்றில் ஒலிபரப்பாகிறது. ஒவ்வொரு முறையும் முன்னதாகக் காத்திருப்பும் பின்னதாக ஏற்புச் செய்தியும் உண்டு. ஒருவருக்கொருவர் கேட்கும் தொலைவில் கணுக்கள் இருக்கும் வரை இந்த மூன்று ஒலிபரப்புகளும் ஒரே நேரத்தில் நிகழ வழியில்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்கு வேகம் என்பது கருவியின் குறை அல்ல, கணக்கு.

கேட்காத தொலைவில் இருப்பதும் தீர்வாகவில்லை. பழைய கட்டடத்தின் கோடியில் இருந்த கணுவுக்கு முதன்மைக் கட்டடத்தின் இரண்டாம் தளக் கணு பேசுவது கேட்காது. இரண்டுக்கும் நடுவில் இருந்த கணுவுக்கோ இரண்டும் கேட்கும். காற்று காலியாக இருப்பதாக இரண்டும் தனித்தனியே முடிவு செய்து ஒரே நேரத்தில் பேசும்போது நடுக்கணுவில் இரண்டு பாக்கெட்டுகளும் சிதைந்தன. மறைந்த முனைச் சிக்கல் எனப்படும் இது, ஆள் இல்லாத நாளில் தெரியவில்லை. வகுப்பு நேரத்தில் 4 மில்லி நொடியாக இருந்த தாமதம் 180 மில்லி நொடி வரை ஏறி இறங்கியபோதுதான் வெளிப்பட்டது. காணொளி நின்றதற்குச் சராசரி வேகத்தைவிட இந்த ஏற்ற இறக்கமே பெரிய காரணம்.

இந்த வரம்பு புதிதாகக் கண்டறியப்பட்டதும் அல்ல. ஒரே காற்றைப் பகிரும் கம்பியில்லா வலையில் கணுக்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறைந்துகொண்டே போகும் என்பதைக் குப்தா, குமார் என்ற இரு ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டிலேயே கணித வடிவில் நிறுவினார்கள். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் கேம்பிரிட்ஜ் நகரக் கூரைகளில் 37 கணுக்களைக் கொண்டு, ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர் பரப்பில் ரூஃப்நெட் என்ற மெஷ் வலையை இயக்கினார்கள். 2005 இல் அவர்கள் வெளியிட்ட அளவீட்டில் சராசரி வேகம் நொடிக்கு 627 கிலோபிட். அவர்கள் பயன்படுத்திய 802.11பி என்ற வைஃபை தரத்தின் பெயரளவு வேகமோ 11 மெகாபிட். திட்டமிட்டு இடம் தேர்ந்து அமைக்காத கூரைக் கணுக்களைக் கொண்டே ஒரு நகரப் பகுதிக்கு இணையம் தந்தது என்ற வகையில் அந்த வலை ஒரு சாதனை. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணுக்கும் கடைசிக் கணுவில் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியை எனக்கு மனத்தில் பதியவைத்ததும் அதே வலைதான்.

குணமடைந்ததாகத் தோன்றியது

மெஷ் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது அதன் முதன்மையான சிறப்பு. வைஃபை மெஷ்ஷுக்காக 2011 இல் ஏற்கப்பட்ட 802.11எஸ் தரத்தின்படி, ஒரு கணு அணைந்தால் அண்டைக் கணுக்கள் வேறு பாதையைத் தேடிக்கொள்கின்றன. எங்கள் வளாகத்திலும் அது பிழையின்றி நடந்தது. அதனாலேயே ஒரு பழுது 11 நாட்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

பழைய கட்டடத்தின் படிக்கட்டு மேடையில் இருந்த கணுவின் மின்செருகியை யாரோ கழற்றிவிட்டுக் கைப்பேசிக்கு மின்னேற்றியிருக்கிறார்கள். பிறகு அது திரும்பச் செருகப்படவில்லை. மேல்தளக் கணு உடனே முற்றத்துக்குக் குறுக்கே பணிமனைக் கணு ஒன்றைப் பிடித்து, அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு வேரை அடைந்தது. இணைப்பு இருந்தது, விளக்கு பச்சையாக எரிந்தது, வேகம் மட்டும் 10 மெகாபிட்டுக்கும் கீழே போயிருந்தது. இணைப்பு இல்லை என்று ஒருவர்கூடப் புகார் தரவில்லை. மெதுவாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அதற்கு நாங்களும் பழகியிருந்தோம். அண்டைக் கணுக்களின் பட்டியலை நாள்தோறும் சேமித்து முந்தைய நாளுடன் ஒப்பிடத் தொடங்கிய பிறகுதான் விடுபட்ட கணு கண்ணில் பட்டது. மெஷ் வலையைப் பராமரிப்பவர் இணைப்பு உண்டா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்தப் பாதையில் செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இந்த 11 நாட்களால்தான்.

பாதைத் தேர்வில் தாவல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தொலைவில் இருக்கும் மெலிந்த இணைப்பு ஒரே தாவலில் போய்ச் சேர்வதால் சிறந்ததாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் பலமுறை திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு பாக்கெட் போய்ச் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாதையைத் தேர்வு செய்யும் அளவையை ரூஃப்நெட் குழுவினர் 2003 இல் முன்வைத்தார்கள். 802.11எஸ் பயன்படுத்தும் காற்றுநேர அளவையும் அதே திசையில் சிந்திக்கிறது. அளவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மிஞ்சியிருக்கும் பாதைகளில் நல்லதைத்தான் அது தேர முடியும்.

இதைவிடப் பெரிய பாடம் ஒரு பிற்பகலில் கிடைத்தது. 14 கணுக்களும் ஒரே நேரத்தில் மறைந்து, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வளாகம் முழுவதும் இணைப்பின்றி இருந்தது. பின் தானாகவே திரும்பியது. மின்தடை இல்லை, வெளி இணைப்பும் சரியாகவே இருந்தது. வேர்க் கணுவின் பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: ராடார் கண்டறியப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதியை வைஃபை கருவிகள் ராடார்களுடன் பகிர்ந்துகொள்கின்றன. ராடார் துடிப்பு கேட்டால் உடனே சேனலை விட்டு விலக வேண்டும் என்பதும், அதே பகுதியில் புதிய சேனலுக்குப் போனால் பேசுவதற்கு முன் 60 நொடிகள் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதும் பெரும்பாலான நாடுகளின் விதி. எங்கள் மெஷ் அந்தப் பகுதியில் இருந்த 100 ஆம் சேனலில் இயங்கியது. கேட்டது உண்மையான ராடாரா, அதைப் போலத் தோன்றிய வேறு குறுக்கீடா என்பது முக்கியமல்ல. மெஷ்ஷில் பேசிக்கொள்ள வேண்டிய கணுக்கள் எல்லாம் ஒரே சேனலில் இருந்தாக வேண்டும். ஆகவே சேனல் போனால் எல்லாப் பாதைகளும் சேர்ந்தே போகும். வரைபடத்தில் ஒவ்வொரு கணுவுக்கும் மூன்று நான்கு மாற்றுப் பாதைகள் காட்டப்பட்டிருந்தன. அவை அனைத்தும் ஒரே காற்றுக்குள் ஓடின.

கேபிளுக்கு மாறியது

முதன்மைக் கட்டடத்தில் கேபிள் போடத் தடை எதுவும் இல்லை என்பதால் அங்கிருந்தே தொடங்கினோம். செம்புக் கேபிளின் நான்கு இணைகளிலும் கிகாபிட் ஈதர்நெட் இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசுகிறது. தன் குரலின் எதிரொலி கம்பியில் எப்படித் திரும்பும் என்று முன்கூட்டியே கணிக்க முடிவதால், அதைக் கழித்துவிட்டு எதிர்முனையைக் கேட்க முடிகிறது. 1500 பைட் கொண்ட ஒரு பாக்கெட் அந்த வேகத்தில் 12 மைக்ரோ நொடிகளில் கம்பியில் ஏறிவிடும். பக்கத்துக் கேபிளில் என்ன நடக்கிறது என்பது இதைப் பாதிப்பதில்லை. கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் பெட்டிகள் மூன்றைத் தாண்டி அளந்தபோதும் 940 மெகாபிட்டே கிடைத்தது. தாமதம் ஒரு மில்லி நொடிக்குள் இருந்தது, வகுப்பு நேரத்திலும் அசையவில்லை.

கம்பியில் முழு மெஷ் என்பது காகிதத்தில் மட்டுமே அழகு. ஒவ்வொரு கணுவையும் மற்ற எல்லாவற்றுடனும் நேரடியாக இணைக்க 14 கணுக்களுக்கு 91 கேபிள்கள் வேண்டும். 20 ஆனால் 190. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் பால் பாரன் 1964 இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாக் கணுக்களையும் சேர்க்கத் தேவையான குறைந்தபட்ச இணைப்புகளைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தாலே வலை மிகக் கடுமையான சேதத்தையும் தாங்கும் என்று காட்டினார். ஒரு கட்டடத்துக்கு அதுகூட அதிகம். சர்வர் அறை ஸ்விட்சையும் மூன்று தள ஸ்விட்ச்களையும் வளையமாக இணைத்தோம்: நான்கு ஸ்விட்ச்கள், நான்கு இணைப்புகள், எது அறுந்தாலும் மறுபக்கம் சுற்றிச் செல்ல வழி.

வளையத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. ஈதர்நெட் பாக்கெட்டில் ஆயுள் எண் கிடையாது. எல்லோருக்குமான ஓர் அறிவிப்பு வளையத்தில் நுழைந்தால் அது சுற்றிக்கொண்டே பெருகும். ரேடியா பெர்ல்மன் 1985 இல் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ முறை, வளையத்தில் ஓர் இணைப்பைத் தடுத்து வைத்து, மற்றொன்று அறும்போது மட்டும் அதைத் திறக்கிறது. ஸ்விட்ச்களில் அதன் விரைவு வடிவத்தை இயக்கியிருந்தோம். பயனர் கணினிகள் செருகும் துளைகளான போர்ட்களில் வளையம் உண்டானால் அந்தப் போர்ட்டை அடைத்துவிடும் காவலை இயக்கத் தவறியது என் பிழை. ஒருநாள் இரண்டாம் தளத்தில் ஒரு மேசைக்கடியில் இருந்த சிறிய ஸ்விட்சில் ஒரே கேபிளின் இரு முனைகளும் செருகப்பட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது தள ஸ்விட்சின் 24 விளக்குகளும் ஒரே தாளத்தில் இடைவெளியின்றித் துடித்துக்கொண்டிருந்தன. அந்தத் தளத்தில் எதுவும் நகரவில்லை. கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றியதில் ஏழாவதில் துடிப்பு அடங்கியது. அன்று மாலையே எல்லாப் பயனர் போர்ட்களிலும் காவல் இயக்கப்பட்டது.

கேபிளும் சில வேளைகளில் மௌனமாகவே பழுதாகும் என்பதையும் சொல்ல வேண்டும். அலமாரிக் காலின் கீழ் நசுங்கிய ஒரு கேபிளில் ஓர் இணை அறுந்து, போர்ட் தானாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தது. ஆனால் இந்த வகைப் பழுது ஒரு கணினியோடு நிற்கிறது. ஸ்விட்சில் பார்த்தால் எந்தப் போர்ட் என்று ஒரே பார்வையில் தெரிகிறது. மின்சாரமும் கேபிள் வழியாகவே சென்றதால், சுவரில் மாட்டிய வைஃபை பெட்டிகளின் மின்செருகியைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. சர்வர் அறையின் யு.பி.எஸ். இருக்கும்வரை அவையும் இருக்கும்.

பழைய கட்டடத்துக்குள் ஒளியிழை நுழைய வழி கண்டுபிடித்தவர் அங்கே நெடுங்காலமாகப் பணிபுரியும் மின்பணியாளர். பயன்படாமல் போன தொலைபேசிக் கம்பி நுழைந்த துளை ஒன்று வெளிச்சுவரில் இருப்பதை அவர் காட்டினார். கட்டடங்களுக்கு இடையே செம்புக்குப் பதில் ஒளியிழையைத் தேர்ந்ததற்குத் தொலைவு மட்டும் காரணமல்ல: இரு கட்டடங்களின் தரை மின்னழுத்தம் மாறுபடும்போதும், அருகில் இடி விழும்போதும், செம்புக் கம்பி ஒன்றின் சேதத்தை மற்றதற்குக் கொண்டுசெல்லும், கண்ணாடி இழை கொண்டுசெல்லாது. உள்ளே, படிக்கட்டு ஓரமாகத் துளையின்றிக் கேபிளை மேல்தள மேடைவரை கொண்டுசென்றோம். நான்கு மெஷ் கணுக்களில் இரண்டு நேரடியாகக் கேபிளில் அமர்ந்தன. மற்ற இரண்டும் ஒரே தாவலில் அவற்றை அடைந்தன. முன்பு 76 உம் 45 உம் காட்டிய அந்த அறைகளில் இப்போது 200 மெகாபிட்டுக்கு மேல் கிடைத்தது. கணுக்களை மாற்றவில்லை, தாவல்களைக் குறைத்தோம், சேனலை ராடார் விதி பொருந்தாத 36 க்கு மாற்றினோம், அவ்வளவே. மெஷ்ஷின் வேகம் போதவில்லை என்று கணுக்களைக் கூட்டுபவர்கள் முதலில் கேபிளில் இணைந்த கணுக்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பணிமனை உணரிகளுக்கு நான் கம்பியைப் பரிந்துரைக்கவே இல்லை. குறைந்த ஆற்றலில் இயங்கும் சிறு கருவிகளுக்கான 802.15.4 என்ற கம்பியில்லாத் தரத்தில் இயங்கும் அவை நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில், 127 பைட்டுக்கு மேல் போகாத சிறு பாக்கெட்டுகளாக, நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எண்ணை அனுப்புகின்றன. அவற்றின் மெஷ் எத்தனை தாவல் தாண்டினாலும் காற்றில் இடம் மீதமிருக்கிறது. இயந்திரங்களை இடம் மாற்றும்போதெல்லாம் கேபிளை மாற்ற நேர்ந்தால் அந்த வலை ஒரு மாதம்கூட நிலைத்திருக்காது.

பாதுகாப்பில் வேறுபாடு எளிது: கம்பியைத் தொட வளாகத்துக்குள் வர வேண்டும், காற்றைக் கேட்க மதிலுக்கு வெளியே நின்றால் போதும். ஆகவே மெஷ்ஷில் மறையாக்கமும், இரண்டிலும் கருவியின் அடையாளச் சோதனையும் கட்டாயமாக்கப்பட்டன.

ஒரே பள்ளம்

பணிமனைக்கு இரண்டு ஒளியிழைப் பாதைகள் வரைந்தேன்: ஒன்று சர்வர் அறையிலிருந்து நேராக, மற்றொன்று பழைய கட்டடம் வழியாக. கட்டடங்களுக்கு இடையிலும் ஒரு வளையம் கிடைத்தது. ராடார் பிற்பகலின் பாடத்தைக் கற்றுவிட்டதாகவே எண்ணினேன். வேலை முடிந்த ஐந்தாம் மாதம் குடிநீர்க் குழாய்க்காக முற்றத்தில் தோண்டியபோது இரண்டு இழைகளும் ஒரே வெட்டில் அறுந்தன. பணிமனைக்கு முன்னால் கடைசி 20 மீட்டருக்கு, தோண்டும் வேலையை மிச்சப்படுத்த, இரண்டும் ஒரே குழாய்க்குள் இழுக்கப்பட்டிருந்தன. பள்ளத்தை மூடும் முன் நான் போய்ப் பார்க்கவில்லை. வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. மண்ணுக்குள் ஒன்றுதான் இருந்தது.

பாரனின் கணக்கும் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. கணுக்களும் இணைப்புகளும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே சேதமடைகின்றன என்று கொள்ளும்போதுதான் மூன்று மடங்கு இணைப்புகள் போதும் என்ற முடிவு கிடைக்கிறது. ஒரே பள்ளத்தில் கிடக்கும் இரண்டு இழைகளும், ஒரே சேனலில் பேசும் பத்துக் கணுக்களும் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கின்றன.

இழையை ஒட்டவைக்க மறுநாள்தான் ஆட்கள் வர முடியும் என்ற நிலையில், அலமாரியில் எடுத்து வைத்திருந்த பழைய மெஷ் கணுக்கள் நினைவுக்கு வந்தன. ஒன்றை முதன்மைக் கட்டடத்தின் மேல்தளச் சன்னலிலும் மற்றொன்றைப் பணிமனைக் கதவுக்கு மேலேயும் கட்டினோம். 40 நிமிடங்களில் பணிமனை திரும்ப வந்தது. வேகம் கிகாபிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உணரிகளுக்கும் கைக்கருவிகளுக்கும் அதுவே மிகுதி. தோண்டும் கருவி எட்டாத ஒரே பாதை அன்று காற்றுதான்.

அதன்பின் அந்தத் தற்காலிக ஏற்பாடு, கூரைக்குக் கூரை நேர்ப்பார்வையில் செல்லும் நிலையான கம்பியில்லா இணைப்பாக மாற்றப்பட்டது. அது ஒளியிழைக்கு மாற்றாக இயங்குகிறது. ஸ்பானிங் ட்ரீ கணக்கில் அதற்கு உயர்ந்த விலை, அதாவது கடைசி முன்னுரிமை, தரப்பட்டிருப்பதால் இழை இருக்கும்வரை அது அமைதியாக இருக்கும். இரண்டாவது இழையை வேறு பள்ளத்துக்கு மாற்றும் வேலை இன்னும் நடக்கவில்லை. முற்றத்தின் தெற்கு ஓரமாகத் தோண்ட அனுமதி கேட்டிருக்கிறோம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, வகுப்புகள் தொடங்கும் முன், பணிமனைக்குச் செல்லும் இரண்டு இழைகளையும் சர்வர் அறையிலும் பழைய கட்டடத்திலும் கையால் கழற்றுகிறோம். மறுமுனையில் ஒருவர், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தொடர்ந்து கேட்கும் பிங் சோதனையின் திரையில் ஓடும் வரிகளை எண்ணுகிறார். முதல் சோதனையில் 6 வரிகள் தவறின. போர்ட் அமைப்பைத் திருத்திய பின் 2. பத்து நிமிடம் காற்றிலேயே ஓடவிட்டு, உணரிகளின் எண்கள் வந்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகு இழைகளைத் திரும்பச் செருகி, அன்றைய தேதியை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதுகிறோம்.